'ஹேவ்' எங்கே, 'தி' எங்கே? எழுதும்போது இடறும் ஆங்கில இலக்கணம்

கற்பவள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காகத் தினமும் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. படித்தால் புரிகிறது, பேசினாலும் சமாளித்துவிடுகிறேன். எழுதும்போதுதான் இடறுகிறது. நான் எழுதுவதைப் பார்த்துத் திருத்தித் தருபவர் பொறுமையானவர்தான். ஆனால் ஏன் திருத்தினீர்கள் என்று கேட்டால், 'அப்படித்தான் சொல்வது வழக்கம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். எனக்கு அந்த 'ஏன்' வேண்டும். சிவப்புக் கோடு விழுந்த வரிகளை அப்படியே தருகிறேன்.

'ஐ ஹேவ் சென்ட் தி ரிப்போர்ட் யெஸ்டர்டே.' இதில் 'ஹேவ்' அடிபட்டது. ஆனால் அதே கடிதத்தில் கீழே 'ஐ ஹேவ் சென்ட் தி ரிப்போர்ட்' என்று இருந்ததை அவர் தொடவில்லை.

'வி நீட் நியூ பிரின்டர்' என்ற இடத்தில் 'எ' சேர்த்தார். அடுத்த வரியில் 'பிரின்டர் இஸ் நாட் வொர்க்கிங்' என்பதற்கு 'தி' சேர்த்தார். சரி, 'தி' போடுவதுதான் நல்லது போலிருக்கிறது என்று 'தி பேஷன்ஸ் இஸ் நீடட்' என்று எழுதினால், அங்கே 'தி'யை எடுத்துவிட்டார்.

'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்.' இதில் வினைச்சொல்லையும் மாற்றினார், 'சின்ஸ்'ஸையும் மாற்றினார்.

'கேன் யூ டெல் மி வேர் இஸ் தி ஃபைல்?' இதில் கடைசி மூன்று சொற்களை 'தி ஃபைல் இஸ்' என்று இடம் மாற்றிப் போட்டார். கேள்வி என்றால் 'இஸ்' முன்னால் வர வேண்டாமா?

இலக்கணப் புத்தகத்தில் இதற்கெல்லாம் விதி இருக்கிறது, படித்தும் இருக்கிறேன். எழுதுகிற நேரத்தில் அந்த விதி கைக்கு வந்து உதவுவதில்லை. வேறு வழியில் புரியவைக்க யாராவது இருக்கிறீர்களா?

மாலைவகுப்பு எழுதியது:

நண்பரே, வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன் நான். நீங்கள் கேட்ட நான்கும் எந்த வகுப்பிலும் வராமல் போனதில்லை. விதியை ஆங்கிலத்தில் தேடுவதற்கு முன்னால், அதே வேறுபாட்டை நீங்கள் தமிழில் எங்கே செய்கிறீர்கள் என்று தேடுங்கள். பல இடங்களில் அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். இல்லாத இடங்களும் உண்டு. எது இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துக்கொண்டாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

முதலில் 'எ', 'தி'. தமிழில் ஆர்ட்டிகிளே கிடையாது, அதனால்தான் நமக்கு வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். சொல்தான் கிடையாது, வேறுபாடு உண்டு. இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

புத்தகம் வாங்கினேன்.
புத்தகத்தை வாங்கினேன்.

முதலாவதைக் கேட்டவர் 'என்ன புத்தகம்?' என்பார். இரண்டாவதைக் கேட்டவர் அப்படிக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். 'அதான் அன்றைக்குச் சொன்னேனே, அந்தப் புத்தகம்' என்போம். முதலாவது 'எ புக்', இரண்டாவது 'தி புக்'. பள்ளியில் இதை இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று படித்தோம். 'ஐ உருபு மறைந்து வந்துள்ளது' என்று எழுதி மதிப்பெண் வாங்கியதோடு சரி. உருபு மறைவது சும்மா மறைவதில்லை. எது என்று இன்னும் தெரியாத பொருள் என்றால் மறைகிறது, தெரிந்த பொருள் என்றால் வெளியே வருகிறது. ஆங்கிலத்தில் இந்த வேலையைத்தான் 'எ'யும் 'தி'யும் செய்கின்றன.

எழுவாயாக வந்தால் உருபு கிடையாது. அங்கே வேலை செய்வது சொற்களின் வரிசை. 'மேசைமேல் சாவி இருக்கிறது' என்றால் 'தேர் இஸ் எ கீ ஆன் தி டேபிள்'. 'சாவி மேசைமேல் இருக்கிறது' என்றால் 'தி கீ இஸ் ஆன் தி டேபிள்'. இரண்டாவதை, சாவியைத் தேடிக்கொண்டிருப்பவரிடம்தான் சொல்வீர்கள். முதலாவதை, சாவியைப் பற்றி நினைக்கவே இல்லாதவரிடமும் சொல்லலாம். எத்தனையோ வருடமாக இந்த வேறுபாட்டைத் தவறாமல் செய்துவருகிறீர்கள்.

இதற்கு எல்லை உண்டு. மனிதரைச் சொல்லும்போது 'ஐ' பெரும்பாலும் வந்துதான் ஆகும். 'டாக்டரைப் பார்த்தேன்' என்பது எந்த டாக்டராகவும் இருக்கலாம், நம் டாக்டராகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: படிக்கிறவருக்கு எது, யார் என்று தெரியுமா? உங்களுக்குத் தெரியுமா என்பதல்ல கேள்வி. மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். 'ஐ மெட் எ மேன்' என்று சொல்பவருக்கு அந்த மனிதரை நன்றாகவே தெரியும், முகம்கூடக் கண்முன் நிற்கும். கேட்பவருக்குத் தெரியாது, அதனால் 'எ'. அடுத்த வாக்கியத்தில் கேட்பவருக்கும் தெரிந்துவிடுகிறது, அதனால் 'தி மேன்'. உங்கள் பிரின்டரும் இப்படித்தான். வாங்க வேண்டிய பிரின்டர் எது என்று இன்னும் யாருக்குமே தெரியாது. ஓடாமல் நிற்கும் பிரின்டர் எது என்று அங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

'பேஷன்ஸ்' என்பது எண்ண முடியாதது, நீங்கள் பொதுவாகப் பொறுமையைச் சொல்கிறீர்கள். அதனால் ஒன்றும் வேண்டாம். 'அவர் அன்று காட்டிய பொறுமை' என்று குறிப்பாகச் சொன்னால் 'தி பேஷன்ஸ் ஹி ஷோட் தட் டே' என்று 'தி' வந்துவிடும்.

இனி 'ஹேவ்'. இது கொஞ்சம் நுட்பமான இடம், பொறுத்துப் படியுங்கள். தமிழிலும் 'அனுப்பினேன்', 'அனுப்பியிருக்கிறேன்' என்று இரண்டு உண்டு. இரண்டும் ஒன்றல்ல என்று காதுக்கே தெரியும். 'அனுப்பினேன்' நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறது. 'அனுப்பியிருக்கிறேன்' என்றால் இப்போது அது உங்களிடம் இருக்கிறது, திறந்து பாருங்கள் என்பதும் கூடவே வருகிறது. அதில் உள்ள 'இருக்கிறேன்' நிகழ்காலம். ஆங்கிலத்து 'ஹேவ்'வும் நிகழ்காலம்தான். ஆகவே 'ஐ ஹேவ் சென்ட் தி ரிப்போர்ட்' என்ற உங்கள் வரியைத் திருத்த எந்தக் காரணமும் இல்லை.

ஒரே ஓர் இடத்தில் இரண்டு மொழியும் பிரிகின்றன. 'நேற்றே அனுப்பியிருக்கிறேனே, பார்க்கவில்லையா?' என்று நாம் சொல்லலாம், தமிழில் அது சுத்தமான வாக்கியம். ஆங்கிலத்தில் முடிந்துபோன நேரம் ஒன்றைப் பெயர் சொல்லி உள்ளே கொண்டுவந்துவிட்டால் 'ஹேவ்' அங்கே இருக்க முடியாது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, டூ அவர்ஸ் அகோ, எல்லாமே அந்த வகை. நீங்கள் எழுதியது தமிழின் நேர்வழி. இதில் நாம் தனியாகவும் இல்லை; ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் இதே மாதிரியான வினை வடிவம் 'நேற்று' என்ற சொல்லோடு தாராளமாக வரும். அதனால் அந்த மொழிக்காரர்களும் ஆங்கிலத்தில் உங்கள் வாக்கியத்தையே எழுதுகிறார்கள்.

நேரம் முடிந்துபோனதா இல்லையா என்பதுதான் எல்லாமே. 'ஐ ஹேவ் ஸ்போக்கன் டு ஹிம் திஸ் மார்னிங்' என்பதைக் காலை பத்து மணிக்கு எழுதினால் சரி. மாலை நான்கு மணிக்கு அதே செய்தியை 'ஐ ஸ்போக் டு ஹிம் திஸ் மார்னிங்' என்றுதான் எழுதுவார்கள். காலை என்ற பொழுது போய்விட்டது. அமெரிக்கர்கள் 'ஐ ஆல்ரெடி சென்ட் இட்' என்று 'ஹேவ்' இல்லாமல் எழுதுவதைப் பார்ப்பீர்கள், பிரிட்டிஷ்காரர்கள் அங்கே பெரும்பாலும் 'ஐ ஹேவ் ஆல்ரெடி' என்பார்கள். அதற்காகக் குழம்ப வேண்டாம்.

'சின்ஸ்', 'ஃபார்' எளிது. 'மூன்று வருடமாக', 'இரண்டு நாளாக' என்று தமிழில் 'ஆக' வந்தால் 'ஃபார்'. '2021லிருந்து', 'திங்கட்கிழமையிலிருந்து' என்று 'இலிருந்து' வந்தால் 'சின்ஸ்'. இதற்கு மேல் விதி வேண்டாம். வினையில்தான் கவனம் தேவை. 'மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன்' என்று தமிழ் நிகழ்காலத்தை வைத்துக்கொள்கிறது. அன்று தொடங்கி இன்று வரை நீள்வதை ஆங்கிலம் 'ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று சொல்லியாக வேண்டும். இங்கே தமிழ் உங்களுக்குக் கை கொடுக்காது.

நான்காவது கேள்வியிலும் தமிழ் உதவாது. 'ஃபைல் எங்கே இருக்கிறது?' என்றாலும், 'ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்' என்றாலும் நம் வரிசை மாறுவதில்லை. ஆங்கிலத்தில் 'இஸ்' முன்னால் தாவுவது, 'இதோ கேட்கிறேன்' என்பதற்கான அடையாளம். உங்கள் வாக்கியத்தில் கேட்கும் வேலையைக் 'கேன் யூ' செய்து முடித்துவிட்டது. அடுத்து வருவது கேள்வி இல்லை, நீங்கள் தெரிந்துகொள்ள விரும்பும் விஷயம். அதனால் சாதாரண வரிசை: 'வேர் தி ஃபைல் இஸ்'. 'டு யூ நோ', 'ஐ வொண்டர்', 'ப்ளீஸ் லெட் மி நோ' என்று தொடங்கும் எல்லாவற்றுக்கும் இதுவே. இதை வாய்க்குப் பழக்க வேண்டியதுதான்.

கற்பவள் எழுதியது:

மிக்க நன்றி சார். புத்தகம், புத்தகத்தை என்ற இடத்தைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இன்னும் இரண்டு கேட்டுவிடுகிறேன். 'எ'க்குப் பதிலாக 'ஆன்' எப்போது வரும்? உயிரெழுத்துக்கு முன்னால் என்று தெரியும், ஆனால் 'யூனிவர்சிட்டி'க்கு 'எ' என்றும் 'எம்.பி.ஏ.'வுக்கு 'ஆன்' என்றும் பார்க்கிறேன்.

இன்னொன்று பேச்சில் வருவது. 'டிடிண்ட் யூ கெட் தி டிராஃப்ட்?' என்று தொலைபேசியில் கேட்டார்கள். கிடைக்கவில்லை என்ற பொருளில் 'யெஸ்' என்றேன். கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு, மறுபடி அனுப்பாமலே இருந்துவிட்டார்கள். நான் சொன்னதில் என்ன தவறு?

நிறையவாசி எழுதியது:

மாலைவகுப்பு அவர்களின் விளக்கம் அழகாக இருக்கிறது, ஆனால் அந்த வழியை நான் ஏற்கவில்லை. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதினால் அது தமிழாகத்தான் வரும். 'டிஸ்கஸ் அபவுட்' எங்கிருந்து வந்தது? 'அதைப் பற்றிப் பேசுவோம்' என்பதிலிருந்து. 'மேரீட் வித்' எங்கிருந்து? 'அவரோடு' என்பதிலிருந்து. பஸ்ஸில், காரில் என்று நமக்கு இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் 'ஆன் தி பஸ்', 'இன் தி கார்'. எந்தத் தமிழ் வாக்கியத்தை வைத்து இதைக் கண்டுபிடிப்பீர்கள்? நிறையப் படிக்க வேண்டும், நிறையக் கேட்க வேண்டும். குழந்தைகள் அப்படித்தான் கற்கின்றன. விதி, ஒப்பீடு எல்லாம் பிறகு தானாக விளங்கும்.

மாலைவகுப்பு எழுதியது:

நிறையவாசி அவர்களுக்கு: நீங்கள் சொன்ன மூன்றிலும் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ப்ரெப்போசிஷன்களுக்கு நான் வகுப்பில் விதி சொல்வதே இல்லை. 'லிஸன்' என்றால் 'டு', 'வெயிட்' என்றால் 'ஃபார்', 'டிஸ்கஸ்' என்றால் பின்னால் ஒன்றுமில்லை. ஒட்டியே மனதில் ஏற்ற வேண்டும், அதற்குப் படிப்பதும் கேட்பதும்தான் வழி.

ஆர்ட்டிகிளில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இருபது, முப்பது வருடம் ஆங்கிலம் படித்துக்கொண்டே இருப்பவர்கள்கூட எழுதும்போது 'தி'யை விடுகிறார்கள். காரணம், படிக்கும்போது கண் அதில் நிற்பதில்லை. விட்டுவிட்டுப் படித்தாலும் பொருள் புரிந்துவிடுகிறது. காதிலும் விழுவதில்லை, பேச்சில் அது அழுத்தமே இல்லாமல் 'த' என்று தேய்ந்து போகிறது. ரஷ்ய, சீன, ஜப்பானிய மொழிக்காரர்களுக்கும் இதே தொல்லை உண்டு. அந்த மொழிகளிலும் ஆர்ட்டிகிள் கிடையாது. குழந்தைக்கு நாள் முழுக்கக் கேட்க நேரம் இருக்கிறது. வேலை முடிந்து களைத்து வந்து உட்காரும் பெரியவருக்கு ஏற்கெனவே முழுசாக ஒரு மொழி தெரியும். அந்த அறிவைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வா என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

படிப்பதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று நான் கொடுக்கும் பயிற்சியைச் சொல்கிறேன். நன்றாக எழுதப்பட்ட ஆங்கிலப் பத்தி ஒன்றை எடுத்து, 'எ', 'ஆன்', 'தி' மூன்றையும் விட்டுவிட்டு நோட்டில் எழுதிவையுங்கள். மறுநாள் மூலத்தைப் பார்க்காமல் நிரப்புங்கள். பிறகு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்த ஒவ்வோர் இடத்திலும், 'இங்கே படிக்கிறவருக்கு எது என்று எப்படித் தெரிந்தது?' என்று கேட்டு விடை காணாமல் நகராதீர்கள். சில இடத்தில் முந்தைய வரியில் வந்திருக்கும். சில இடத்தில் பின்னால் வரும் சொற்கள் அடையாளம் காட்டும். சில இடத்தில் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், 'தி சன்' போல. நாலு பத்தி இப்படிச் செய்தவர் 'தி'யைக் கண்ணால் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

இனி கற்பவள் அவர்களின் கேள்விகள். 'எ', 'ஆன்' பற்றி உங்களுக்குத் தமிழிலேயே பழக்கம் உண்டு: ஒரு வீடு, ஓர் ஊர். உயிரெழுத்துக்கு முன்னால் 'ஓர்', மற்ற இடத்தில் 'ஒரு'. ஆங்கிலத்திலும் இவை 'ஒன்று' என்ற சொல்லிலிருந்து பிறந்தவைதான். 'ஆன்' என்பதே பழைய வடிவம். மெய்யொலிக்கு முன்னால் கடைசி ஒலி உதிர்ந்து 'எ' ஆயிற்று. பார்க்க வேண்டியது எழுத்தை அல்ல, ஒலியை. அதற்கு நம் எழுத்து கைகண்ட கருவி. அந்த ஆங்கிலச் சொல்லை உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதுங்கள். முதல் எழுத்து உயிரெழுத்தாக இருந்தால் 'ஆன்', உயிர்மெய்யாக இருந்தால் 'எ'. யூனிவர்சிட்டி 'யூ'வில் தொடங்குகிறது, அது உயிர்மெய், அதனால் 'எ'. எம்.பி.ஏ., எக்ஸ்ரே, எஸ்.எம்.எஸ். எல்லாம் 'எ'யில் தொடங்குகின்றன, அதனால் 'ஆன்'. நேரத்தைக் குறிக்கும் சொல்லை நாம் ஹகரம் போட்டு எழுதினாலும் ஆங்கிலத்தில் அது 'அவர்' என்றே ஒலிக்கும், அதனால் 'ஆன்'. 'ஒன்-வே' என்று நாம் எழுதுவது உண்மையில் 'வன்', அதனால் 'எ'. நம் பேச்சில் 'யெக்ஸ்ரே' என்று முன்னால் ஒரு யகரம் ஒட்டிக்கொள்ளும், அதை மட்டும் கழித்துவிட்டுக் கேளுங்கள்.

'யெஸ்' விஷயம் முக்கியமானது, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். 'கிடைக்கவில்லையா?' என்றால் தமிழில் 'ஆமாம், கிடைக்கவில்லை' என்போம். நம் 'ஆமாம்' கேட்டவரோடு உடன்படுகிறது: நீங்கள் நினைத்தது சரி என்கிறது. ஜப்பானியரும் இப்படித்தான் பதில் சொல்கிறார்கள். ஆங்கில 'யெஸ்' கேட்டவரைப் பார்ப்பதில்லை, நடந்ததைப் பார்க்கிறது. கிடைத்திருந்தால் 'யெஸ்', கிடைக்காவிட்டால் 'நோ', கேள்வி எந்தப் பக்கமாகத் திரும்பியிருந்தாலும் சரி. எதிர்மறையில் கேட்கப்பட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நோ, ஐ டிடிண்ட்' என்று முழுதாகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவசரத்தில் 'யெஸ்' வந்துவிட்டாலும் பின்னால் வரும் 'ஐ டிடிண்ட்' காப்பாற்றிவிடும்.

திருத்துநர் எழுதியது:

பிழை திருத்தும் தொழிலில் இருக்கிறேன். என் பங்குக்கு இரண்டு. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று எழுதாதீர்கள். 'என் நண்பர்களில் ஒருவர்' என்று தமிழிலேயே பன்மைதானே வருகிறது? 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைஸஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' நான்கும் வேண்டாம், இவை பன்மை ஏற்காத சொற்கள்.

ஒரு சந்தேகமும் உண்டு. 'எவ்ரிஒன் ஷுட் பிரிங் தேர் லேப்டாப்' என்று வந்தால் நான் 'ஹிஸ் ஆர் ஹெர்' என்று மாற்றிவந்தேன். இப்போது அப்படி மாற்ற வேண்டாம் என்கிறார்கள். ஒருமைக்கு 'தே' எப்படிச் சரியாகும்?

மாலைவகுப்பு எழுதியது:

'அவர் வந்தார்' எப்படிச் சரியாகிறதோ அப்படி. 'அவர்' இலக்கணப்படி பலர்பால், வினையும் பலர்பால் விகுதியோடுதான் வருகிறது. ஆனாலும் ஒரே ஒருவரைத்தான் சொல்கிறோம், ஆணா பெண்ணா என்று சொல்லாமலே சொல்கிறோம். நமக்கு அது மரியாதையில் தொடங்கியது, ஆங்கிலத்தில் தேவையில் தொடங்கியது. ஒருமைப் பொருளில் 'தே' 14ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் இருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துநடைக் கையேடு 2019இல் வந்த பதிப்பில் இதை ஏற்றுக்கொண்டது. 'யூ ஆர்' என்று ஒருவரிடம் சொல்லும்போதும் பன்மை வினையைத்தானே போடுகிறோம்? ஆகவே 'தேர்' இருக்கட்டும், மாற்ற வேண்டாம்.

கற்பவள் எழுதியது:

இதுவரை படித்ததை வைத்து நாலு வரி எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள் சார்.

'வி பாட் எ நியூ பிரின்டர் லாஸ்ட் மன்த். தி பிரின்டர் ஹேஸ் ஸ்டாப்ட் வொர்க்கிங். ஐ ஹேவ் ரிட்டன் டு தி கம்பெனி ட்வைஸ் பட் தே டிட் நாட் ரிப்ளைட். கேன் யூ டெல் மி ஹூ ரெஸ்பான்சிபிள் இஸ் ஃபார் ரிப்பேர்ஸ்?'

மாலைவகுப்பு எழுதியது:

முதல் இரண்டு வரியும் நானே எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். 'லாஸ்ட் மன்த்' வந்ததும் 'ஹேவ்' இல்லாமல் 'பாட்' என்று போட்டீர்கள். நின்றுபோன நிலை இப்போதும் தொடர்வதால் 'ஹேஸ் ஸ்டாப்ட்'. முதலில் 'எ', பிறகு 'தி'. நான்குமே சரி.

மூன்றாவது வரியில் 'டிட் நாட் ரிப்ளைட்' கூடாது. 'போனேன்' என்பதை மறுக்கும்போது 'போகவில்லை' என்கிறோம். இறந்தகாலம் வினையைவிட்டு விலகி, வெறும் 'போக' மிஞ்சுகிறது. 'வென்ட்' என்பது 'டிட் நாட் கோ' ஆவதும் அதே மாதிரி. காலத்தை 'டிட்' எடுத்துக்கொண்டதால் வினை மொட்டையாக நிற்க வேண்டும். ஷேக்ஸ்பியர் காலத்தில் 'ஐ நோ நாட்' என்று வினைக்குப் பின்னாலேயே 'நாட்' போட்டும் எழுதினார்கள். இப்போது அப்படி எழுத முடியாது, 'டிட்' இல்லாமல் தீராது. ஆகவே 'தே டிட் நாட் ரிப்ளை'. நீங்கள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள் என்றால் அதைவிட 'தே ஹேவ் நாட் ரிப்ளைட்' பொருத்தம். முன்பாதியில் 'ஹேவ் ரிட்டன்' என்று எழுதிவிட்டீர்கள், இரண்டும் சேர்ந்து நிற்கும்.

நான்காவது வரியில் நான் சொன்ன விதியை அப்படியே கடைப்பிடித்திருக்கிறீர்கள். ஆனால் அந்த விதி இந்த இடத்துக்கு வேண்டியதில்லை, இதை நான் முதலிலேயே சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். இங்கே 'ஹூ' என்பதே எழுவாய். எழுவாய் ஏற்கெனவே வினைக்கு முன்னால்தான் நிற்கிறது, எதுவும் தாவவில்லை, அதனால் திரும்ப வைக்க ஒன்றுமில்லை. 'ஹூ இஸ் ரெஸ்பான்சிபிள்' என்பதை அப்படியே விட்டுவிடுங்கள்.

எழுவாயா இல்லையா என்று தெரிந்துகொள்ளத் தமிழில் 'யார்' வருகிறதா, 'யாரை' வருகிறதா என்று பாருங்கள். 'யார் கூப்பிட்டார்?' என்றால் 'ஹூ கால்ட்?', 'டிட்' தேவையே இல்லை. 'யாரைக் கூப்பிட்டீர்கள்?' என்றால் 'ஹூ டிட் யூ கால்?'. உள்ளே அடங்கிய கேள்வியாக வரும்போது முதலாவது மாறாது: 'டெல் மி ஹூ கால்ட்'. இரண்டாவதில் 'டிட்' விழுந்துவிடும்: 'டெல் மி ஹூ யூ கால்ட்'. உங்கள் வாக்கியத்தில் 'யார் பொறுப்பு' என்றுதான் வருகிறது. பொதுவாகப் பழுதுபார்ப்பைச் சொல்கிறீர்கள் என்றால் 'ரிப்பேர்ஸ்' வெறுமனே இருக்கலாம். இந்த பிரின்டருக்கானது என்றால் 'தி' சேர்த்துவிடுங்கள்:

'கேன் யூ டெல் மி ஹூ இஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் தி ரிப்பேர்ஸ்?'